பிரிஞ்சாங் ஏறிய லேண்ட்ரோவர்

பழைய காரா, புதிய சொகுசு வாகனமா? கார் பிரியர்கள் கூடினால் இந்த வழக்கு முடிவதில்லை. பிரிஞ்சாங்கில் அதற்குச் சாட்சி தெருவிலேயே நிற்கிறது: காய்கறிக் கூடைகள் ஏற்றிய பழைய லேண்ட்ரோவர்.

1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான வண்டி அது. போருக்குப் பின் பிரிட்டனில் எஃகுத் தகட்டுக்குத் தட்டுப்பாடு; அதனால் உடற்பகுதியை அலுமினியக் கலவையில் செய்தார்கள். வேறு வழியில்லாமல் செய்ததுதான். ஆனால் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மழையும் மூடுபனியும் ஓயாத இந்த ஊருக்கு அதுவே வரமானது. தகடு துருப்பிடிக்கவில்லை. (அடிச்சட்டம் எஃகுதான், அதற்கு ஒட்டு வேலை உண்டு.) இராணுவம் கழித்துவிட்ட வண்டிகளை விவசாயிகள் வாங்கித் தோட்டத்துக்குப் பழக்கினார்கள்.

1970-இல் ரேஞ்ச்ரோவர் வந்தது. இன்று சொகுசின் அடையாளமான அதன் முதல் வண்டியின் உட்புறத்தையும் தண்ணீர் விட்டுக் கழுவலாம்! தோல் இருக்கைகள் பின்னால் வந்தவை. பழைய டிஃபெண்டர் 2016 ஜனவரி 29-இல் நின்றது. 2019-இல் வெளியான புதியதில் பழுதைக் கண்டுபிடிக்கவே கணினி வேண்டும். பழையதற்கு ஊர்ப் பட்டறையும் ஸ்பானரும் போதும்.

ஆனால் ஈரச் சாலையில் பாரத்தோடு இறங்கும்போது, பழைய வண்டியின் ஓட்டுநருக்கு ஏபிஎஸ் பிரேக்கும் இல்லை, காற்றுப்பையும் இல்லை. பழமையைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் வண்டி மலையேறிய கதையை மட்டுமே சொல்கிறார்கள்.