கோட்டைப் போரை விளையாட்டாக்கினால்...

மதுரையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் கோயில் மண்டபத்துக் கல்தரையைக் கவனித்திருக்கிறீர்களா? சில இடங்களில் ஒரு முக்கோணமும் அதை வெட்டிச் செல்லும் கோடுகளும் செதுக்கப்பட்டிருக்கும். அதுதான் ஆடுபுலி ஆட்டத்தின் களம். புலிகள் 3, ஆடுகள் 15. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமை கிடையாது. கூட்டமாகச் சூழ்ந்து புலிகளை நகரவிடாமல் மடக்கினால் அதற்கு வெற்றி. சதுரங்கத்தில் இரு தரப்புக்கும் சமமான படை. இங்கோ பலமும் வேறு, வெற்றியின் பொருளும் வேறு. உண்மைப் போர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையே.

போரை விளையாட்டாக்குபவர் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். சண்டையில் எவற்றைக் கணக்கிடுவது? நடந்தவற்றில் எவற்றை நினைவில் வைப்பது? மதுரைக் கோட்டையைக் கொண்டே இதை ஆராய்வோம்.

கிழக்கிந்தியக் கும்பினியின் சிப்பாய்ப் படைத்தலைவராக இருந்த யூசுப்கான், பின்னர் மதுரையை நிர்வகித்தார். கான்சாகிபு என்றும் மருதநாயகம் என்றும் மக்கள் அறிந்தவர் இவரே. 1763ஆம் ஆண்டில் இவர் ஆற்காட்டு நவாபையும் கும்பினியையும் எதிர்த்து நின்றார். இருவர் படைகளும் கோட்டையை முற்றுகையிட்டன. மழைக்காலம் குறுக்கிட, அந்த முற்றுகை பயனின்றிக் கலைந்தது. மறு ஆண்டு ஜூன் மாதத்தில் நடந்த நேரடித் தாக்குதலும் தோற்றது. பிறகு எதிரிகள் உணவு வரும் வழிகளை அடைத்துக் காத்திருந்தார்கள். உள்ளே பசி வளர்ந்தது. அக்டோபரில் யூசுப்கானின் ஆட்களே அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார்.

இதை நீங்கள் விளையாட்டாக்கினால் எதை எண்ணுவீர்கள்? வாளையும் பீரங்கியையும் மட்டும் எண்ணினால் விடை தவறிவிடும். 1824இல் பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர்ப் பயிற்சி விளையாட்டில், நிலப்படத்தின் மேல் படைகளை நகர்த்தினர்; சேதத்தைப் பகடையும் அட்டவணையும் கொண்டு கணக்கிட்டனர். அந்த முறையைச் சற்று எளிதாக்கிக்கொள்வோம்.

ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு பகடையை உருட்டுங்கள். ஆறு விழுந்தால் மட்டுமே கோட்டை விழும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று முறை தாக்கியும் ஆறு விழாமல் போக 216-க்கு 125 வாய்ப்பு உண்டு. அதாவது சுமார் 58 விழுக்காடு. இனி, களஞ்சியத்தில் 12 மூட்டை தானியம் வைத்து, வாரத்துக்கு ஒன்றாகக் குறையுங்கள். பன்னிரண்டாம் வார முடிவில் களஞ்சியம் காலி. இதில் பகடைக்கு வேலையே இல்லை! தாக்குதல் வாய்ப்பைப் பொறுத்தது. பட்டினியோ தவறாமல் வருவது. பாதி தானியம் தீர்ந்தபின் வாரந்தோறும் ஒரு பகடை உருட்டி, ஒன்று விழுந்தால் உள்ளிருப்பவரே வாசலைத் திறப்பார் என்றும் விதி செய்யுங்கள். உங்கள் ஆட்டம் உண்மைக்கு நெருங்கிவிடும்.

இரண்டாவது கேள்வி நினைவு பற்றியது. 1761ஆம் ஆண்டில் பூலித்தேவரின் கோட்டைகளைக் கும்பினிக்காகப் பிடித்தவரும் இதே யூசுப்கான்தான். இந்தப் பழைய பகையைக் குறித்து வைக்காத விளையாட்டில், பாளையக்காரர்கள் எல்லாரும் மறுநாளே அவருக்குத் துணையாக வந்து நிற்பார்கள்! 2006இல் வெளிவந்த 'ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்' என்ற கணிப்பொறி விளையாட்டு இதை நன்கு உணர்ந்தது. ஆட்டம் தொடங்குமுன்பே அது தன் கற்பனை உலகத்துக்குப் பல நூற்றாண்டு வரலாற்றை உருவாக்கிவிடுகிறது. அன்றைய போர்களும் பகைகளும் பின்னால் நடப்பவற்றைப் பாதிக்கின்றன.

ஆயினும் ஒரு குறை எஞ்சும். நாம் கழித்த ஒவ்வொரு மூட்டைக்கும் பின்னால், முற்றுகைக்குள் பசித்திருந்த மக்கள் உண்டு. விதியில் இடம் தராவிட்டால் அவர்கள் ஆட்டத்தில் தென்படவே மாட்டார்கள். எதை விட்டுவிடுகிறோம் என்பதையும் வடிவமைப்பவரே தீர்மானிக்கிறார்.

மதுரைக் கோட்டை மதில் 1840களில் இடிக்கப்பட்டது, அகழி தூர்க்கப்பட்டது. அந்த இடத்தில் அமைந்தவைதான் இன்றைய வெளிவீதிகள். அடுத்த முறை அங்கே நடக்கும்போது, மதிலின் வளைவைத் தெருவின் போக்கில் தேடிப் பாருங்கள். பிறகு ஓர் அட்டையில் அந்தக் கோட்டையை வரைந்து, உங்கள் விதிகளை நண்பர்களோடு சோதித்துப் பாருங்கள்.