சாக்டா மக்களின் அயர்லாந்துக் கொடை

சாக்டா மக்களின் அயர்லாந்துக் கொடை என்பது, வட அமெரிக்கத் தொல்குடியினருள் ஒரு பிரிவினரான சாக்டா மக்கள், பெரும்பஞ்சத்தில் சிக்கித் தவித்த அயர்லாந்து மக்களுக்காக 1847 ஆம் ஆண்டில் திரட்டி அனுப்பிய நிதியையும், அதிலிருந்து இரு மக்களுக்குமிடையே வளர்ந்து இன்றளவும் நீடிக்கும் நன்றியுறவையும் குறிக்கும். கைம்மாறு கருதாமல் அளிக்கப்பட்ட சிறு தொகை ஒன்று, கொடுத்தவர்களின் காலம் கடந்து, அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் அவர்களோடு ஒத்த துயர் உற்ற பிறருக்கும் திரும்பி வந்தமைக்கு இது தெளிவான வரலாற்றுச் சான்றாகும்.

பின்னணி

சாக்டா மக்களின் தாயகம், இன்றைய மிசிசிப்பி மாநிலத்தையும் அதனை அடுத்த பகுதிகளையும் உள்ளடக்கியது. தொல்குடியினரை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அகற்றுவதற்கு வழிவகுத்த சட்டம் 1830 இல் அமெரிக்காவில் நிறைவேறியதும், அதே ஆண்டில் கையெழுத்தான டான்சிங் ராபிட் கிரீக் ஒப்பந்தத்தின் வழியாக அவர்கள் தம் நிலத்தை இழந்தனர். 1831 முதல் 1833 வரை பல அணிகளாக, இன்று ஓக்லஹோமா எனப்படும் பகுதிக்கு இடம்பெயர்க்கப்பட்டனர். ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நீண்ட அந்தப் பயணத்தில் கடும் பனியாலும் பட்டினியாலும் வாந்திபேதியாலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இவ்வாறு தொல்குடிகள் பலவும் துரத்தப்பட்ட வழிகள் ‘கண்ணீர்த் தடம்’ என்று வரலாற்றில் வழங்கப்படுகின்றன.

அயர்லாந்திலோ, 1845 இல் உருளைக்கிழங்குப் பயிரில் கருகல் நோய் பரவியது. குத்தகை நிலத்தில் வாழ்ந்த ஏழை உழவர்களுக்கு உருளைக்கிழங்கே அன்றாட உணவாக இருந்தமையாலும், நாட்டில் விளைந்த தானியமும் வளர்ந்த கால்நடைகளும் பஞ்சக் காலத்திலும் ஏற்றுமதியாகி வந்தமையாலும், ஒரு பயிரின் அழிவு பெரும்பஞ்சமாக முற்றியது. 1852 வரை நீண்ட இப்பஞ்சத்தில் ஏறக்குறைய 10 இலட்சம் பேர் இறந்தனர். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறி நாட்டை விட்டு நீங்கினர். துயரம் மிகக் கடுமையாக இருந்த 1847 ஆம் ஆண்டை அயர்லாந்து மக்கள் ‘கறுப்பு நாற்பத்தேழு’ என்று குறிப்பிடுவர். கல்கத்தா உட்பட உலகின் தொலைநகரங்கள் பலவற்றில் அயர்லாந்துக்காக நிதி திரட்டப்பட்டது.

கொடை

பஞ்சச் செய்தியைக் கேள்வியுற்ற சாக்டா மக்கள், 1847 மார்ச் மாதத்தில் இன்றைய ஓக்லஹோமாவின் ஸ்கல்லிவில் என்னும் ஊரில் கூடி, அங்கிருந்த அரசு அலுவலர்களும் சமயப் பணியாளர்களும் உடன் பங்களிக்க, 170 டாலர் திரட்டினர். இத்தொகை நிவாரணக் குழுக்களின் வழியாக அயர்லாந்துக்குச் சென்றது. பிற்கால நூல்கள் சிலவற்றில் 710 டாலர் என்று காணப்படுவது, இலக்கங்கள் இடம் மாறியமையால் நேர்ந்த பிழையாகும். தாயகத்தை இழந்து 16 ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில், புதிய மண்ணில் வாழ்வைத் தொடக்கத்திலிருந்து கட்டியெழுப்பிக்கொண்டிருந்த மக்கள், தாம் ஒருபோதும் கண்டிராத மக்களுக்குத் தம் குறைந்த பொருளிலிருந்து பகுத்துக் கொடுத்தனர் என்பதே இக்கொடையின் பெருமை. நிலமிழப்பு, பசி, நோய் ஆகிய மூன்றையும் நேரில் அறிந்திருந்தமையால், அயர்லாந்தின் அல்லலை அவர்கள் அயலார் அல்லலாகக் கருதவில்லை.

நினைவும் நன்றியும்

நெடுங்காலம் பலர் அறியாதிருந்த இக்கொடை, 20 ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் நினைவுகூரப்பட்டது. 1990 இல் சாக்டா தலைவர்கள் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் நடைபெற்ற பஞ்ச நினைவு நடைப்பயணத்தில் கலந்துகொண்டனர். 1992 இல் அயர்லாந்திலிருந்து சென்ற குழுவினர் கண்ணீர்த் தடத்தில் நடந்து, சோமாலியாவின் பஞ்ச நிவாரணத்துக்கு நிதி திரட்டினர். 1995 இல் அயர்லாந்துக் குடியரசுத் தலைவர் மேரி ராபின்சன் சாக்டா மக்களை நேரில் சென்று கண்டு நன்றி தெரிவித்தார். கார்க் மாவட்டத்தின் மிடில்டன் நகரில், வட்டமாக நின்று வெறுங்கலத்தின் வடிவைக் காட்டும் ஒன்பது கழுகிறகுகளாக, சிற்பி அலெக்ஸ் பென்டெக் துருவேறா எஃகில் அமைத்த நினைவுச் சின்னம் 2017 இல் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. 2018 இல் ஓக்லஹோமாவுக்குச் சென்ற அயர்லாந்துப் பிரதமர் லியோ வராட்கர், சாக்டா மாணவர்கள் அயர்லாந்தில் உயர்கல்வி கற்பதற்கான உதவித்தொகைத் திட்டத்தை அறிவித்தார்.

2020 இல் கொரோனா பெருந்தொற்று நவஹோ, ஹோப்பி ஆகிய தொல்குடியினரைக் கடுமையாகத் தாக்கியது. குழாய்நீர் வசதி இல்லாத வீடுகள் மிகுந்த அப்பகுதிகளுக்கு உணவும் நீரும் அனுப்புவதற்காகத் தொடங்கப்பட்ட நிதித்திரட்டலுக்கு, அயர்லாந்து மக்கள் ஆயிரக்கணக்கில் முன்வந்து கொடுத்தனர். 1847 இல் பெற்ற உதவிக்கு நன்றியாகவே கொடுப்பதாகப் பலர் தம் பெயருடன் குறித்தனர்.

கைம்மாற்றின் இயல்பு

ஒருவர் செய்த உதவி, பெற்றவரிடமிருந்து செய்தவருக்கே திரும்புவது நேர்க் கைம்மாறு எனப்படும். உறவினரல்லாதாரிடையே இவ்வகை உதவி எவ்வாறு நிலைபெறுகிறது என்பதை உயிரியலாளர் ராபர்ட் டிரைவர்ஸ் 1971 இல் கோட்பாடாக விளக்கினார். உதவி செய்தவருக்கு, அவரிடம் உதவி பெறாத மூன்றாமவரும் உதவ முன்வருவதும், உதவி பெற்றவர் அதனை வேறொருவருக்குச் செய்வதும் மறைமுகக் கைம்மாறு எனப்படும். இவ்விரு மறைமுக வகைகளுள் முதலாவது, உதவி செய்வோரின் நற்பெயர் பிறரிடையே பரவுவதால் நிகழ்கிறது என்பதை மார்ட்டின் நோவாக், கார்ல் சிக்முண்ட் ஆகியோர் 1998 இல் கணித முறையில் காட்டினர்.

சாக்டா கொடையில் இவ்வகைகள் ஒருங்கே காணப்படுகின்றன. உதவித்தொகை, கொடுத்தவர்களின் வழித்தோன்றல்களுக்குத் திரும்பிய கைம்மாறு. நவஹோ, ஹோப்பி மக்களும் சோமாலியாவின் பசித்தோரும் பெற்றது, 1847 இல் எதுவும் கொடுத்திராத மக்களை வந்தடைந்த கைம்மாறு. எனினும் இக்கைம்மாறு தானாக நிகழ்ந்ததன்று. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு மங்கிக் கிடந்த செய்தியைச் சிலர் தேடியெடுத்து, நடந்தும் எழுதியும் சிற்பமாக நிறுத்தியும் பிள்ளைகளுக்குச் சொன்னமையாலேயே அது செயலாக மலர்ந்தது. செய்த நன்மை திரும்பி வருவதற்கு, பெற்றவர்களின் வழிவந்தோர் அதை மறவாதிருக்க வேண்டும் என்பதையும், அந்நினைவு உயிரோடிருக்கும்வரை கொடைக்கு முடிவில்லை என்பதையும் இவ்வரலாறு உணர்த்துகிறது.