ஊரா, நகரா? இல்ல இணையக் கணக்கெடுப்புகளும் செம்பாக்கமும்

1995 ஆகஸ்ட் 15இல் விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தபோது, தொடக்க நகரங்களுள் சென்னையும் ஒன்று. ஆயின் எத்தனை வீடுகளில் இணையம் உண்டு என்பதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முதன்முதலாக வினவியது 2011இல்தான். அப்போது இந்திய அளவில் நகர்ப்புற இல்லங்களில் 8.3 விழுக்காடும் ஊரக இல்லங்களில் 0.7 விழுக்காடும் இவ்வசதியைப் பெற்றிருந்தன. வேறுபாடு ஏறத்தாழ பன்னிரு மடங்கு. தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்றில் (2017–18) இவை முறையே 42.0, 14.9 என உயர, வேறுபாடு மூன்று மடங்கிற்கும் கீழே இறங்கியது.

இடைவெளி சுருங்கிவிட்டது என இதனைக் கொண்டு முடிவுகட்டுதல் பொருந்தாது. இரு கணக்கெடுப்புகளும் கேட்ட வினா ஒன்றன்று. 2011இல் இணையம் கணினியின் உட்பிரிவாகவே பதிவாயிற்று. கைப்பேசிக்குத் தனி வினா. 75ஆம் சுற்றில் கணினி உடைய ஊரக இல்லங்கள் 4.4 விழுக்காடே. எனவே இணையம் உண்டு என்று கூறிய ஊரக இல்லங்களில் பெரும்பாலானவை கணினி இல்லாதவை. அவற்றின் வாயில் கைப்பேசியே எனக் கொள்ளலாம். கணினியை மட்டும் நோக்கினால் நகர்ப்புறம் 23.4 விழுக்காடு, அதாவது ஐந்து மடங்கிற்கும் மேல். இணைய வசதியிலும், விழுக்காட்டுப் புள்ளிகளாகக் கணக்கிட்டால், 7.6 ஆக இருந்த இடைவெளி 27.1 ஆக விரிந்துள்ளது.

வினாவைப் போன்றே ‘நகர்ப்புறம்’ என்னும் வகைமையும் ஐயத்திற்குரியது. சென்னையின் தென்புறநகர் இதற்குத் தக்க சான்று. செம்பாக்கம் பேரூராட்சியாக இருந்து நகராட்சியாகி, 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைந்தது. ஆகவே 2011இல் அது சட்டப்படியான நகரம். தாம்பரம்–வேளச்சேரி சாலையில் அதனை அடுத்துள்ள மேடவாக்கமோ ஊராட்சி. ஆயினும் 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் என்னும் அடர்த்தி, ஆண் தொழிலாளருள் 75 விழுக்காட்டினர் வேளாண்மை சாராதவர் என்னும் அளவுகோல்களின்படி கணக்கெடுப்பு அதனை நகரமாகவே கொண்டது. தமிழ்நாட்டில் இத்தகைய ‘கணக்கெடுப்பு நகரங்கள்’ 2011இல் 376. மறுபுறம், மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை வடம் கொண்டுசெல்லும் பாரத்நெட் திட்டம் உள்ளாட்சி எல்லையையே பின்பற்றுகிறது. ஒரே தெருவினர் புள்ளியியலுக்கு நகரத்தார், வடத்திற்கு ஊரார். மாவட்ட அட்டவணைகளை மட்டும் நம்பும் ஆய்வேடுகள் (அவையே மிகுதி) இம்முரணைக் காண்பதில்லை.

பெருந்தொற்றுக் காலத்தில், 2021 சனவரியில், தமிழ்நாடு அரசு நாளொன்றுக்கு 2 ஜிபி தரவு அட்டையை அறிவித்தபோது இப்பகுப்பையே கைவிட்டது. பயனாளியாகக் கொள்ளப்பட்டது ஊரும் அன்று, இல்லமும் அன்று, ஏறத்தாழ 9.69 இலட்சம் கல்லூரி மாணவர் தனித்தனியே.