படைத்துறைச் செலவு

வீரர்களின் ஊதியம், ஓய்வூதியம், ஆயுதக் கொள்முதல், படைத்தளப் பராமரிப்பு, ஆயுத ஆராய்ச்சி ஆகியவற்றுக்காக ஓர் அரசு செலவிடும் பணம் படைத்துறைச் செலவு எனப்படும். இதை நாடுவாரியாகக் கணக்கிட்டு ஆண்டுதோறும் வெளியிடுவது, 1966இல் தொடங்கப்பட்ட ஸ்டாக்ஹோம் பன்னாட்டு அமைதி ஆய்வு நிறுவனம் (சிப்ரி). அதன் கணக்குப்படி 2024இல் உலக நாடுகள் இதற்குச் செலவிட்ட தொகை சுமார் 2,71,800 கோடி டாலர். இதில் அமெரிக்காவின் செலவு மட்டும் 99,700 கோடி. சீனா செலவிட்டது ஏறத்தாழ 31,400 கோடி. ஐந்தாம் இடத்திலிருந்த இந்தியா 8,610 கோடி.

தொகையை மட்டும் பார்த்து ஒரு நாட்டின் நிலையைச் சொல்லிவிட முடியாது. நாட்டின் மொத்த உற்பத்தியில் இரண்டு விழுக்காட்டைப் படைக்குக் கொடுத்து நொடிந்த நாடும் உண்டு, பத்து விழுக்காட்டைக் கொடுத்து வளர்ந்த நாடும் உண்டு. பணம் வரியாக வந்ததா, கடனாக வந்ததா, 'போதும்' என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பவையே வரலாற்றில் விளைவைத் தீர்மானித்திருக்கின்றன.

வரியும் கடனும்

கி.மு. 483இல் லாரியன் சுரங்கத்தில் கிடைத்த வெள்ளியைக் குடிமக்களுக்குப் பங்கிடுவதா, போர்க்கப்பல் கட்டுவதா என்று ஏதென்சு மக்கள் அவையில் விவாதித்தார்கள்; தெமிஸ்டோகிளீசின் பேச்சை ஏற்றுக் கப்பல் கட்டினார்கள். ரோமில் கி.பி. 6இல் பேரரசர் அகஸ்டஸ், ஓய்வுபெறும் வீரர்களுக்காகத் தனிக் கருவூலம் அமைத்து, வாரிசுச் சொத்தின்மீது 5 விழுக்காடு வரி விதித்தார். படையினரின் ஓய்வூதியச் சுமை இன்றைய அரசுகள் கண்டுபிடித்த தலைவலி அல்ல.

ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்புக்கு அமெரிக்க வெள்ளி கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்தது. ஆனாலும் 1557, 1560, 1575, 1596 என நான்கு முறை கடனைத் திருப்பித் தர முடியாமல் கைவிரித்தார். சம்பளம் கிடைக்காத அவருடைய வீரர்கள் 1576இல் ஆண்ட்வெர்ப் நகரைச் சூறையாடினார்கள். ஐரோப்பாவின் செழிப்பான வணிக நகரங்களுள் ஒன்று அது; பழைய நிலைக்கு அது நெடுங்காலம் மீளவில்லை.

இங்கிலாந்து வேறு வழியில் சென்றது. பிரான்சுடனான போருக்காக 1694இல் 12 லட்சம் பவுண்டு கடன் திரட்டித் தரவே இங்கிலாந்து வங்கி தொடங்கப்பட்டது. வட்டிக்கு நாடாளுமன்றம் ஒதுக்கிய வரியே பிணை. தன் செல்வத்தை மன்னர் தன்னிச்சையாக விழுங்க மாட்டார் என்று கடன் கொடுத்தவன் நம்பினான். அதனால் வட்டி காலப்போக்கில் குறைந்தது. பிரான்சில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. அமெரிக்க விடுதலைப் போருக்கு உதவியது அந்நாட்டின் பழைய கடன்களோடு புதுக்கடனையும் சேர்த்தது. 1788 வாக்கில் அரசுச் செலவில் ஏறத்தாழப் பாதி கடனுக்கே போயிற்று. புது வரிக்கு இசைவு பெற, 1614க்குப் பிறகு கூட்டப்படாத மூன்று வகுப்பார் பேரவையை 1789இல் பதினாறாம் லூயி கூட்ட வேண்டியதாயிற்று. அதன்பின் நடந்தது உலகறிந்த புரட்சி.

போருக்காக வந்த வரிகள் போரோடு போவது அரிது. பிரிட்டனில் நெப்போலியன் காலப் போர்களுக்காக 1799இல் விதிக்கப்பட்ட வருமான வரி 1816இல் நீக்கப்பட்டு, 1842இல் திரும்பி வந்து நிலைத்துவிட்டது. இந்தியாவின் முதல் வருமான வரியும் இப்படிப் பிறந்ததே: 1857 எழுச்சியை அடக்கிய செலவை ஈடுகட்ட 1860இல் ஜேம்ஸ் வில்சன் அதைக் கொண்டுவந்தார். ஜெர்மனியில் கடற்படை கட்ட 1902இல் நுரைமதுவின்மீது போட்ட வரி, இடையில் சில ஆண்டுகள் நீக்கப்பட்டதைத் தவிர, இன்றும் வசூலாகிறது. அந்தக் கடற்படை 1919இல் கடலில் மூழ்கிவிட்டது.

குடியேற்ற நாடுகளின் நிலை இன்னும் மோசம். செலவைத் தீர்மானிப்பவர் ஒருவர், கட்டுபவர் வேறொருவர். 1878–80 ஆப்கன் போருக்குப் பிரிட்டன் தந்தது 50 லட்சம் பவுண்டு. மீதமுள்ள பெருஞ்செலவை இந்திய உழவர் கட்டிய நிலவரி முதலானவை தாங்கின. இந்தியச் செலவினங்களை ஆராய 1895இல் வெல்பி ஆணையம் அமைக்கப்பட்டபோது தாதாபாய் நௌரோஜி அதன் உறுப்பினரானார். சென்னையிலிருந்து ஜி. சுப்பிரமணிய ஐயர் 1897இல் சாட்சியம் அளித்தார். பேரரசின் தேவைக்காக வைத்திருக்கும் படைக்கு இந்தியர் ஏன் பணம் கட்ட வேண்டும் என்பது அக்கால இந்தியத் தலைவர்கள் ஓயாமல் எழுப்பிய கேள்வி.

ஜப்பானின் பாடம்

படைச் செலவு பொருளாதாரத்தை உயர்த்துமா என்ற கேள்விக்கு 1930களின் ஜப்பானைவிடத் தெளிவான சான்று இல்லை. 1931 டிசம்பரில் நிதி அமைச்சரான தகஹாஷி கொரேகியோ, தங்க நாணய முறையைக் கைவிட்டார். அரசின் கடன் பத்திரங்களை ஜப்பான் வங்கியே வாங்கிக்கொள்ளச் செய்தார். அந்தப் பணத்தைப் படைக்கும் ஊரகப் பணிகளுக்கும் செலவிட்டார். உலகம் பெருமந்தத்தில் தவித்தபோது ஜப்பானின் ஆலைகள் மீண்டும் ஓடத் தொடங்கின. மந்தத்தில் அரசு செலவைக் கூட்ட வேண்டும் என்று வாதிட்ட பொருளியலாளர் கீன்சின் புகழ்பெற்ற நூல் 1936இல்தான் வந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் தகஹாஷி இதை நோய்க்கு மருந்தாகக் கொடுத்தாரே தவிர, அன்றாட உணவாக அல்ல. ஆலைகளும் ஆட்களும் வேலையில் அமர்ந்தபின் மேலும் பணம் இறைத்தால் விலைவாசிதான் ஏறும் என்று கண்டு, 1935 வாக்கில் படையின் கோரிக்கைகளை வெட்டத் தொடங்கினார். 1936 பிப்ரவரி 26 அதிகாலையில் இளம் அதிகாரிகள் வீடு புகுந்து அவரைக் கொன்றார்கள். அப்போது அவருக்கு வயது 81. கலகம் அடக்கப்பட்டது, ஆனால் 'முடியாது' என்று படையிடம் சொல்லும் துணிவு அதற்குப் பிறகு எந்த நிதி அமைச்சருக்கும் வரவில்லை. அடுத்த ஆண்டே சீனாவுடன் முழுப்போர் மூண்டது. தொடங்குவதற்குப் பொருளாதார அறிவு போதும். நிறுத்துவதற்கு அரசியல் வலிமை வேண்டும். பல நாடுகளுக்கு முன்னது இருக்கிறது, பின்னது இல்லை.

பனிப்போர்

கொரியப் போருக்குப் பிறகு அமெரிக்கா தன் படைகளைக் கலைக்கவில்லை. 1953இல் நாட்டு உற்பத்தியில் சுமார் 14 விழுக்காடு படைக்குப் போனது. தளபதியாக இருந்து அதிபரான ஐசனோவர், 1961 ஜனவரி 17இல் ஆற்றிய விடைபெறும் உரையில், படையும் ஆயுதத் தொழிலும் சேர்ந்து அரசைத் தம் போக்குக்கு இழுக்கும் ஆபத்தைச் சுட்டிக்காட்டி எச்சரித்தார். தேவையற்ற தளங்களைக்கூட மூட முடியவில்லை. தன் தொகுதியில் வேலை போவதற்கு எந்த உறுப்பினர் கை தூக்குவார்? 1988இல் நாடாளுமன்றம் ஓர் உபாயம் கண்டது. மூட வேண்டிய தளங்களின் பட்டியலைத் தனி ஆணையம் தயாரிக்கும். அதை முழுதாக ஏற்கலாம் அல்லது முழுதாக மறுக்கலாம், இடையில் ஒரு பெயரைக்கூட நீக்க முடியாது. தன் பலவீனத்தை அறிந்து தன் கையைத் தானே கட்டிக்கொண்ட அவை அது.

அமெரிக்கப் படைப் பணத்தில் 1969இல் பிறந்த அர்பாநெட் இணையத்துக்கு வழிவகுத்தது என்பதும் உண்மை. அதே பணம் நேரடியாகப் பல்கலைக்கழகங்களுக்குப் போயிருந்தால் என்ன விளைந்திருக்கும் என்பதை மட்டும் எவரும் அளந்து காட்ட முடியாது.

சோவியத் ஒன்றியத்தில் எதிர்த்துக் கேட்கும் அவையும் இல்லை, உண்மையான கணக்கும் இல்லை. படைச் செலவு சுமார் 2,000 கோடி ரூபிள் என்று ஆண்டுதோறும் சொல்லிவந்த அரசு, 1989 மே மாதம் கோர்பச்சேவ் வாயால் 7,730 கோடி என்று ஒப்புக்கொண்டது. அதுவும் குறைவே என்றார்கள் பலர். இரண்டரை ஆண்டுகளில் ஒன்றியமே இல்லாமல் போயிற்று. படைச் செலவு மட்டுமே அதற்குக் காரணம் என்பது மிகை. செலவு எவ்வளவு என்று ஆளும் கட்சியின் பெரும்பாலோருக்கே தெரியாத நிலையில், திருத்திக்கொள்ள வழி இருக்கவில்லை என்பதே பொருந்தும்.

வளரும் நாடுகள்

1973இல் பொருளியலாளர் எமில் பெனோவா 44 வளரும் நாடுகளை ஆராய்ந்து, படைச் செலவு கூடிய நாடுகள் வேகமாக வளர்ந்திருப்பதாக எழுதினார். ஆயுத விற்பனையாளருக்கு இனித்த முடிவு இது. பின்னர் வந்த ஆய்வுகளில் பல இதை மறுத்தன. வெளிநாட்டு உதவி தாராளமாகக் கிடைத்த நாடுகளால் படைச் செலவு, வளர்ச்சி இரண்டையும் ஒருங்கே சமாளிக்க முடிந்தது என்பது ஒரு விளக்கம்.

எதிர்த்திசையில் சென்ற நாடு கோஸ்டா ரிக்கா. உள்நாட்டுப் போரில் வென்ற ஹோசே ஃபிகேரெஸ், 1948 டிசம்பர் 1 அன்று படைத்தலைமையகச் சுவரைச் சம்மட்டியால் அடித்து, நிரந்தரப் படையை ஒழிப்பதாக அறிவித்தார். 1949 அரசமைப்புச் சட்டம் அதை உறுதி செய்தது. தோற்ற தரப்பு திரும்ப வராமல் தடுக்கும் கணக்கும் அதில் இருந்தது. அண்டை நாடுகளில் தளபதிகள் மாறி மாறி ஆட்சியைப் பிடித்தபோது, அங்கு தேர்தல்கள் தடையின்றி நடந்தன. அந்தத் தலைமையகம் இன்று தேசிய அருங்காட்சியகம்.

இந்தியாவில் 1962 சீனப் போருக்குப் பின் செலவு ஏறத்தாழ இருமடங்காயிற்று. மொரார்ஜி தேசாயின் 1963 பட்ஜெட் கட்டாய வைப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே வந்த தங்கக் கட்டுப்பாடு பொற்கொல்லர்களின் பிழைப்பில் மண்ணைப் போட்டது. இதன் மறுபக்கமும் உண்டு: ஆவடி டாங்கி ஆலை, திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை ஆகியவை அந்தப் பத்தாண்டில் வந்து பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டன. 2025–26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு ஒதுக்கிய 6.81 லட்சம் கோடி ரூபாயில் ஓய்வூதியத்துக்கே சுமார் 1.6 லட்சம் கோடி. புதுத் தளவாடங்கள் முதலான மூலதனச் செலவுக்கு 1.8 லட்சம் கோடி.

இலங்கையில் உள்நாட்டுப் போருக்கென விதிக்கப்பட்ட பாதுகாப்பு வரி, பின்னர் மதிப்புக் கூட்டு வரிக்குள் கரைந்தது. 2009இல் போர் முடிந்தபின்னும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட படை கலையவில்லை; வட மாகாணத்தில் படையினர் பண்ணைகளும் உணவகங்களும் நடத்தி, உள்ளூர்த் தமிழ் விவசாயிக்கும் கடைக்காரருக்கும் போட்டியாளர் ஆனார்கள். 2022இல் நாடு கடனைத் திருப்பித் தர முடியாது என்று அறிவித்தது. அதற்குப் பிறகே, 2023 ஜனவரியில், தரைப்படையை 2030க்குள் ஒரு லட்சமாகக் குறைக்கும் திட்டத்தை அரசு வெளியிட்டது.

இன்று

உக்ரைன் போர் தொடங்கிய பிறகு ஐரோப்பாவின் பட்ஜெட்டுகள் தலைகீழாக மாறின. நேட்டோ நாடுகள் 2014இல் ஏற்ற இலக்கு உற்பத்தியில் 2 விழுக்காடு. 2025இல் ஹேக் நகரில் ஏற்றது, 2035க்குள் 5 விழுக்காடு. இதற்கான பணத்தை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு பையிலிருந்து எடுக்கிறது. ஜெர்மனி 2025 மார்ச்சில் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தி, உற்பத்தியில் ஒரு விழுக்காட்டுக்கு மேற்பட்ட பாதுகாப்புச் செலவைக் கடன் வரம்பிலிருந்து விலக்கியது. பிரிட்டன் ஏழை நாடுகளுக்கான உதவியைத் தேசிய வருமானத்தில் 0.5 விழுக்காட்டிலிருந்து 0.3 ஆகக் குறைக்க முடிவு செய்தது. டென்மார்க், 1686 முதல் இருந்துவந்த பெரும் வழிபாட்டு நாள் பொது விடுமுறையை 2024 முதல் நீக்கி, அந்த ஒருநாள் உழைப்பால் வரும் வரியைப் படைக்குக் கொடுக்கிறது.