புலம்பல் நூல்

எபிரேய வேதத்திலுள்ள ஐந்து செய்யுள்கள் கொண்ட சிறு நூல். கி.மு. 586இல் பாபிலோனியர் எருசலேமை இடித்து ஆலயத்தை எரித்ததை அடுத்து, அந்த இடிபாட்டில் எஞ்சியவர்களிடையே பிறந்தது. முதற்செய்யுளின் முதற்சொல்லான 'ஏக்கா' என்பதே எபிரேயத்தில் நூலின் பெயர். யூதர்கள் இதனைத் தனாக்கு எனப்படும் அவ்வேதத்தின் மூன்றாம் பகுதியான கெத்துவிமில், பண்டிகை, நோன்பு நாள்களுக்குரிய ஐந்து சுருள்களுள் ஒன்றாக வைத்துள்ளனர். கிரேக்க மொழிபெயர்ப்பு இதனை எரேமியா நூலோடு சேர்த்தது. தமிழ் விவிலியங்களிலும் இது எரேமியாவை அடுத்தே வருகிறது.

இறைவாக்கினர் எரேமியாவே இதனைப் பாடினார் என்று கிரேக்கப் பாடத்தின் முன்னுரையும் பாபிலோனியத் தல்மூதும் கூறும். எபிரேய மூலத்தில் ஆசிரியர் பெயர் இல்லை. யோசியா மன்னன் இறந்தபோது எரேமியா இரங்கற்பா பாடினார் என்னும் நாளாகமக் குறிப்பிலிருந்து இம்மரபு வளர்ந்திருக்கலாம். ஆனால் எகிப்தை நம்ப வேண்டாம் என்று ஓயாமல் எச்சரித்தவர் எரேமியா. நான்காம் செய்யுளைப் பாடியவரோ, வராத அயல்நாட்டு உதவிக்காகக் கண் பூத்துப்போகக் காத்திருந்தவர்களுள் ஒருவர். சிறைபிடிக்கப்பட்ட அரசனைத் தம் மக்களின் உயிர்மூச்சாகக் கருதியவர். ஆகவே இந்நூல் அழிவை நேரில் கண்ட பெயர் தெரியாத புலவர் சிலரின் ஆக்கம் என்றே ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

கி.மு. 597இல் பாபிலோனிய அரசன் நெபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, யோயாக்கீன் மன்னனைச் சிறைகொண்டு, செதேக்கியாவை அரியணையில் அமர்த்தினான். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள பாபிலோனியக் களிமண் பலகை ஒன்று இதனைப் பதிவுசெய்துள்ளது. செதேக்கியா பின்னர்க் கிளர்ந்தெழவே நகரம் மீண்டும் முற்றுகையிடப்பட்டது. ஓராண்டுக்கும் மேல் நீடித்த முற்றுகையில் உணவு தீர்ந்தது, மதில் உடைந்தது. எரிகோ சமவெளியில் பிடிபட்ட அரசன், தன் மகன்கள் வெட்டப்படுவதைப் பார்த்த பிறகு கண்கள் பிடுங்கப்பட்டான். படைத்தலைவன் நெபுசராதான் ஆலயத்துக்குத் தீ வைத்தான். தாவீதின் நகரம் எனப்படும் பகுதியில் நடந்த அகழாய்வுகளில் அந்தத் தீயின் சாம்பல் அடுக்கும் அம்புமுனைகளும் கிடைத்துள்ளன.

நூலின் தனிச்சிறப்பு அதன் அகரவரிசை அமைப்பு. எபிரேய நெடுங்கணக்கில் எழுத்துகள் 22. முதலிரண்டு செய்யுள்களில் தலா 22 பாடல்கள். ஏறத்தாழ ஒவ்வொன்றும் மூன்றடி கொண்டது. பாடலின் முதலெழுத்துகள் ஆலெப் தொடங்கித் தாவ் வரை வரிசையாக அமையும். மூன்றாம் செய்யுளில் கட்டு மேலும் இறுகுகிறது: ஓர் எழுத்துக்கு மூன்றடி, மூன்றும் அதே எழுத்தில் தொடங்கும், எனவே 66 வசனங்கள். நான்காம் செய்யுளில் பாடல்கள் ஈரடியாகச் சுருங்குகின்றன. ஐந்தாவதில் 22 வசனங்கள் உள்ளன, ஆனால் எழுத்து வரிசை இல்லை, ஒவ்வொன்றும் ஓரடியே. அழுது அழுது குரல் தேய்ந்தவர் பேச்சு குறைவதுபோல நூல் முடிவை நோக்கிச் சிறுக்கிறது. இதனைத் தற்செயல் என்று கொள்ள இயலாது.

வரிசையிலும் ஒரு நுட்பம் உண்டு. முதற்செய்யுளில் அயின், பே என்னும் எழுத்துகள் இன்றுள்ள முறையில் வருகின்றன. அடுத்த மூன்றிலோ பே முந்துகிறது. படியெடுத்தோரின் பிழை என்று முன்பு கருதப்பட்டது. ஆனால் சினாய்ப் பகுதியிலுள்ள குந்தில்லத் அஜ்ருத்தில் கிடைத்த, கி.மு. 800 அளவிலான நெடுங்கணக்குப் பயிற்சி எழுத்துகளிலும், அதனினும் பழைய இஸ்பெத் சர்தா ஓட்டுச்சில்லிலும் பே முன்னும் அயின் பின்னுமே உள்ளன. அக்காலத்தில் இரு வரிசைகளும் வழங்கின என்பது தெளிவு. கும்ரான் குகைகளில் கிடைத்த நான்கு புலம்பல் படிகளுள் ஒன்றில் முதற்செய்யுளிலும் பே முந்தியே நிற்கிறது.

அடியமைப்பை முதலில் விளக்கியவர் கார்ல் புட்டே. அடியின் முற்பாதியில் மூன்று அழுத்தங்களும் பிற்பாதியில் இரண்டும் அமைய, ஓசை நடுவே தடுமாறி விழுகிறது என்று 1882இல் அவர் காட்டினார். இறந்தோருக்கு இரங்கும் பாட்டின் நடை இது.

முதற்செய்யுளில் நகரமே கைம்பெண்ணாகத் தனித்து அமர்ந்திருக்கிறது. ஆறுதல் சொல்வார் இல்லை என்ற கருத்து அதில் ஐந்து முறை திரும்ப வருகிறது. நண்பர்கள் கைவிட்டனர், வழிப்போக்கர் நின்று பார்ப்பதுமில்லை. இரண்டாம் செய்யுள் இன்னும் துணிந்து செல்கிறது: பகைவனைப் போல வில் வளைத்தவர் கடவுளே என்கிறது. மூன்றாவதில் பேசுபவன் ஒரு தனிமனிதன். அவனைச் சுற்றி மதில் எழுப்பியவரும், வேண்டுதல் ஊடுருவாதபடி மேகத்தால் தம்மை மூடிக்கொண்டவரும் கடவுள். நான்காவது, பஞ்சத்தில் தாய்மார் தம் குழந்தைகளையே சமைத்த கொடுமையைச் சொல்கிறது. தம் ஊர்த் தண்ணீரையே காசு கொடுத்து வாங்கும் மக்களின் குரல் ஐந்தாவது.

மூன்றாம் செய்யுளின் நடுப்பகுதியில், கடவுளின் இரக்கம் காலைதோறும் புதிதாகிறது என்னும் நம்பிக்கை எழுகிறது. பிரசங்கங்களில் மிகுதியாக எடுத்தாளப்படுவது இப்பகுதியே. எனினும் அதையே நூலின் முடிவாகக் காட்டுவது பிழை. அதன்பின் இரண்டரைச் செய்யுள்கள் துயரத்துக்கே திரும்புகின்றன. நூல் முழுவதிலும் கடவுள் பேசுவதில்லை. அஞ்சாதே என்று அவர் முன்பு சொன்னது மட்டும் ஓரிடத்தில் நினைவுகூரப்படுகிறது. அப்படியிருந்தும் பாடுவோர் அவரை விளிப்பதை நிறுத்தவில்லை. குற்றம் சாட்டுவதும் அவர் முகத்துக்கு நேரேதான். தங்கள் பாவத்தை ஒப்புக்கொள்ளும் அதே வாயால், தண்டனை அளவுமீறியது என்றும் முறையிடுகின்றனர். இந்நூலின் விசுவாசம் இந்த விடாப்பிடியில்தான் இருக்கிறது.

நகருக்காக இரங்கும் பாடல் மரபு சுமேரியரிடம் பல நூற்றாண்டுகள் முன்னரே இருந்தது. ஏலாமியரால் வீழ்ந்த 'ஊர்' என்னும் சுமேரிய நகருக்கான இரங்கற்பாவைச் சாமுவேல் நோவா கிரேமர் 1940இல் பதிப்பித்தார். அதில் நகரின் தேவியான நிங்கால் அழுது மன்றாடுகிறாள். எபிரேயப் பாடலில் அழுவதற்கு அப்படி ஒரு தெய்வம் இல்லை. ஒரே கடவுளே அழித்தவர் ஆதலால் நகரம் தனக்குத்தானே அழ வேண்டியிருக்கிறது.

ஆபு மாதம் ஒன்பதாம் நாள், முதல் ஆலயமும் கி.பி. 70இல் உரோமரால் இரண்டாம் ஆலயமும் அழிந்ததை நினைந்து யூதர்கள் உண்ணாநோன்பிருந்து, தரையிலோ தாழ்ந்த இருக்கையிலோ அமர்ந்து இந்நூலை வாசிக்கின்றனர். கடவுள் தங்களைத் தள்ளிவிட்டாரோ என்ற அச்சத்தில் கடைசி வசனம் நின்றுவிடுவதால், அதற்கு முந்திய மன்றாட்டு வசனத்தை மறுபடி சொல்லி முடிப்பது வழக்கம். அடுத்த ஓய்வுநாளில் ஏசாயா நூலின் ஆறுதல் பகுதி வாசிக்கப்படும். கத்தோலிக்கத் திருச்சபையில் புனித வார வழிபாட்டில் இந்நூல் இலத்தீனில் பாடப்பட்டபோதும் ஆலெப், பெத் என்னும் எபிரேய எழுத்துப் பெயர்கள் பாட்டின் பகுதியாகவே நின்றன. 16ஆம் நூற்றாண்டில் தாமஸ் டாலிஸ் அவற்றுக்கும் இசை அமைத்தார். லெனர்ட் பெர்ன்ஸ்டைனின் முதல் சிம்பொனி (முதல் அரங்கேற்றம் 1944) இந்நூலின் எபிரேய வரிகளோடு முடிகிறது. அண்மைக்கால ஆய்வாளர்களுள் டாட் லினாஃபெல்ட் முதலியோர், மூன்றாம் செய்யுளைவிட நகரப்பெண்ணின் குரலுக்கே முதலிடம் தருகின்றனர்.