பாடமும் துணையும்: மட்டாஞ்சேரியை முன்வைத்து எளியோர் உயர்கல்வியின் வரலாறு

உயர்கல்வியை எளியோர்க்கு எட்டும் செலவில் வழங்கும் முயற்சி இணையத்தின் வருகைக்கு நெடுங்காலம் முற்பட்டது. அஞ்சல், அச்சுப் பாடநூல், வானொலி, செயற்கைக்கோள் ஆகிய ஒவ்வொன்றும் தத்தம் காலத்தில் 'கல்லூரியை வீட்டிற்குக் கொண்டுவரும்' கருவியாகப் போற்றப்பட்டதே. இக்கருவிகளால் பாடத்தின் விலை படிப்படியாகக் குறைந்தது. ஆனால், பாடத்தில் ஐயம் எழும்போது உடனிருந்து விளக்கும் துணையின் விலை குறைந்ததாகத் தெரியவில்லை. அச்செலவை எந்தெந்தக் காலத்தில் யார் யார் சுமந்தனர் என்பதைக் கொச்சி மட்டாஞ்சேரியை நிலைக்களனாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

காயலும் கல்லூரியும்

மட்டாஞ்சேரி 1555இல் போர்ச்சுகீசியர் எழுப்பிய அரண்மனைக்கும் 1568இல் அமைந்த யூதர் தொழுகைக் கூடத்திற்கும் பெயர்பெற்றது. அங்கு வாழ்வோர்க்கோ அது மிளகும் இஞ்சியும் அடைந்த கிடங்குகளின் ஊர். சுமை தூக்குவோரின் ஊர். கொங்கணியர், குசராத்தியர், கச்சி மேமன்கள், மலையாள முசுலிம்கள், கிறித்தவர் ஆகியோரிடையே தமிழரும் பல தலைமுறைகளாக அங்கும் அதனை அடுத்த கொச்சிக் கோட்டைப் பகுதியிலும் வாழ்ந்து வருகின்றனர். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர் உடைகளைச் சலவை செய்வதற்காக அழைத்துவரப்பட்டவர் எனக் கூறப்படும் வண்ணார் குடியினர் இவர்களுள் குறிப்பிடத்தக்கவர். வெளி என்னும் இடத்தில் 1976இல் கட்டித்தரப்பட்ட பொதுச் சலவைக்கூடம் அவர்தம் தொழிற்களமாக விளங்குகிறது.

கொச்சித் துறைமுகத்தில் நிலவிய 'சாப்பா' முறை இவ்வூர் உழைப்பாளர் நிலையை நன்கு உணர்த்தும். அன்றாட வேலைக்குரிய உலோக வில்லைகளைக் கங்காணி கூட்டத்தின் நடுவே வீசுவான். முட்டி மோதி அதனைக் கைப்பற்றியவனுக்கே அன்று கூலி உண்டு. இம்முறையை எதிர்த்த போராட்டத்தின்போது 1953 செப்டம்பர் 15இல் மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச்சூடு நிகழ்ந்து தொழிலாளர் உயிரிழந்தனர். நாளைய கூலி உறுதியில்லாத குடும்பத்தில் மூன்றாண்டுக் கல்லூரிப் படிப்பு என்பது, கட்டணத்தைக் காட்டிலும் அம்மூன்றாண்டில் கைவிடப்படும் கூலியால்தான் மிகுதியும் எட்டாப் பொருளாயிற்று. கல்விச் செலவைப் பற்றிய அரசு ஆவணங்கள் பெரும்பாலும் கட்டணத்தையே கணக்கிடுகின்றன. இழந்த கூலியை எழுதுவதில்லை.

காயலுக்கு அப்பால் எர்ணாகுளத்தில் 1845இல் ஆங்கிலப் பள்ளியாகத் தொடங்கி 1875இல் கல்லூரியாக உயர்ந்த மகாராஜாஸ் கல்லூரி நெடுங்காலம் கொச்சி நாட்டு மாணவர்க்குப் பட்டப்படிப்பின் முதன்மை வாயிலாக இருந்தது. மேற்குக் கொச்சியினர்க்கு அருகிலேயே கொச்சின் கல்லூரி 1967இல் தோன்றியது. படகுப் பயணம் தவிர்ந்ததேயன்றிப் பகற்பொழுது தவிரவில்லை. பகலில் உழைப்பவனுக்குப் பகற்கல்லூரி எவ்வளவு அருகிலிருந்தும் தொலைவுதான்.

அஞ்சல்வழிப் பாடம்

வகுப்புக்கு வராமலே தேர்வெழுதிப் பட்டம் பெறும் முறையை இலண்டன் பல்கலைக்கழகம் 1858இல் தொடங்கியது. அப்பல்கலைக்கழகம் மாணவருக்குக் கற்பிக்கவில்லை. தேர்வு மட்டுமே நடத்தியது. இலங்கைத் தமிழருள் கற்றோர் பலர் இவ்வழியே பட்டம் பெற்றனர். பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய சுவாமி விபுலானந்தர் இலண்டன் பல்கலைக்கழக அறிவியல் பட்டத்தைப் பெற்றதும் இம்முறையிலேயாம்.

இந்தியாவில் தில்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், கேரளப் பல்கலைக்கழகம் 1976இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னை, கோழிக்கோடு ஆகிய பல்கலைக்கழகங்கள் 1981இலும் இத்துறையில் இறங்கின. 1982இல் ஆந்திரத்திலும் 1985இல் தில்லியிலும் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்வழி உருப்பெற்றன.

இம்முறையின் பொருளியல் எளிது. பாடம் எழுதுவதற்கான செலவு ஒருமுறை செய்வது. அதனை நூறு பேர் பகிரினும் பத்தாயிரம் பேர் பகிரினும் அது மிகுவதில்லை. சேருவோர் தொகை பெருகப் பெருகத் தலைக்குரிய செலவு சுருங்கும். ஆனால் ஒப்படைப்பைத் திருத்துதல், நேர்முக வகுப்பு நடத்துதல், ஐயம் களைதல் ஆகியன தலைக்குத் தலை செலவு வைப்பவை. ஆகவே நிதி நெருக்கடி நேரும்போதெல்லாம் முதலில் சுருங்கியவை இவையே. அஞ்சல்வழிக் கல்வியில் ஈட்டிய வருவாய் பல்கலைக்கழகங்களின் பிற செலவுகளுக்கும் பயன்பட்டது என்பதை உயர்கல்வி ஆய்வாளர் பலரும் சுட்டியுள்ளனர். கூலி வேலை செய்துகொண்டு படித்தவர் செலுத்திய பணம், பகற்கல்லூரியில் படித்தவர்க்குக் கைகொடுத்தது எனலாம். எளியோர்க்கான கல்வி என்று பெயரிட்டு எளியோரிடமே மிச்சம் பிடித்த இம்முறை உரிய அளவு விவாதிக்கப்படவில்லை.

பாரலல் காலேஜ்

அஞ்சலில் வந்த பாடத்திற்குத் துணை தேடிய கேரளம் தனக்கேயுரிய ஒரு நிறுவனத்தை உருவாக்கிக்கொண்டது. மலையாளிகள் 'பாரலல் காலேஜ்' என அழைக்கும் இணைகல்லூரியே அது. தமிழகத்து 'டுடோரியல்' இதற்கு உறவெனினும் இரண்டும் ஒன்றல்ல. தமிழகத்தில் டுடோரியல் என்றதும் தேர்வில் தோற்றவர் மீண்டும் எழுத நாடும் இடமே நினைவுக்கு வரும். கேரளத்து இணைகல்லூரியோ கல்லூரியில் இடம் கிடைக்காதவர்க்கு, பெரும்பாலும் மதிப்பெண்ணும் பணமும் குறைந்தவர்க்கு, மூன்றாண்டும் கல்லூரியாகவே விளங்கியது. மாணவர் பல்கலைக்கழகத்தில் 'தனிப்பதிவு' செய்துகொள்வர். பாடத்தை இணைகல்லூரியில் கேட்பர். தேர்வைப் பல்கலைக்கழகத்தில் எழுதுவர். பகற்கல்லூரி மாணவர் பெறும் பட்டத்தையே பெறுவர்.

கடைத்தெரு மாடிகளிலும் ஓட்டு வீடுகளிலும் மூங்கில் தட்டி மறைப்புகளுக்குள்ளும் இவை இயங்கின. அரசு மானியம் ஒரு காசும் இவற்றிற்கு இல்லை. ஆயினும் கட்டணம் குறைவு. எவ்வாறு இயன்றது என்னும் வினாவிற்கு விடை ஆசிரியரின் ஊதியத்தில் உள்ளது. முதுகலை முடித்து வேலையின்றி அரசுப் பணித்தேர்வை எதிர்நோக்கியிருந்த இளைஞரே இங்குக் கற்பித்தோர். ஒருமணி நேரப் பாடத்திற்கு இவ்வளவு எனச் சிறுதொகை பெற்று, நாளொன்றுக்கு இரண்டு மூன்று இணைகல்லூரிகளுக்கு ஓடியவர் பலர். அவர்தம் வேலையின்மையே மாணவரின் மலிவான கல்விக்கு முதலாயிற்று. பாடநூலால் தரவியலாத துணையை இவர்கள் தந்தனர். மாணவனின் பெயரறிந்து, வீடறிந்து, வராத நாளில் ஏன் வரவில்லையெனக் கேட்கும் துணை அது. கேரளத்தின் உயர்கல்விப் பரவலை எழுதுவோர் அரசையும் சமயச் சமுதாய நிறுவனங்களையும் விரிவாகப் பேசிவிட்டு இவ்விளைஞரை ஒரு வரியில் கடந்துவிடுவது நேர்மையன்று.

எர்ணாகுளம் 1990 பிப்ரவரி 4இல் இந்தியாவின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. எழுத்தறிவு பெற்றோரின் பிள்ளைகள் கல்லூரி வாயிலை அடைந்த காலத்தில் இணைகல்லூரிகளின் நிலை மாறத் தொடங்கியது. கல்லூரிகளிலிருந்த புகுமுக வகுப்பு படிப்படியாகப் பிரிக்கப்பட்டு மேனிலைப் பள்ளிகளுக்கு மாற்றப்பட்டது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் அம்மாற்றம் நிறைவுற்றது. இணைகல்லூரிகளின் மாணவருள் பெரும்பகுதியினர் புகுமுக வகுப்பினரே ஆதலால் பல மூடப்பட்டன.

எல்லைச் சிக்கல்

மட்டாஞ்சேரித் தமிழர்க்கு இதற்கிடையே மற்றொரு வழியும் திறந்திருந்தது. தமிழகப் பல்கலைக்கழகங்கள் தம் அஞ்சல்வழிக் கல்விக்குக் கேரளத்திலும் கல்வி மையங்கள் வைத்திருந்தன. மலையாளிகளும் பெருமளவில் அவற்றில் சேர்ந்தனர். மலையாள வழிப் பள்ளியில் படித்து, வீட்டில் மட்டும் தமிழ் பேசிய ஒருவர் தமிழிலக்கியம் பயில விரும்பின் இதுவே எளிய வழி.

கல்வி மையங்கள் கட்டுப்பாடின்றிப் பெருகியதால் தரம் பற்றிய குறைகூறல்களும் பெருகின. தொலைநிலைக் கல்வியை நெறிப்படுத்தும் பொறுப்பு 2013இல் பல்கலைக்கழக மானியக் குழுவிடம் வந்தது. மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாநில எல்லைக்கு வெளியே மையம் நடத்தலாகாது என்று அவ்வாண்டிலேயே அக்குழு வலியுறுத்தியது. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம், சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய ஒப்புதலின்றி அஞ்சல்வழியில் வழங்கிய பொறியியல் பட்டங்களைப் பற்றிக் கடுமையான தீர்ப்பை வழங்கியது. தரத்தைக் காக்க இவை தேவையே. எனினும் மொழிச் சிறுபான்மையினர் வாழும் எல்லை கடந்த ஊர்களுக்கு என்ன மாற்று என்பதை இவ்விதிகளை வகுத்தோர் எண்ணியதாகத் தெரியவில்லை.

இணையவழிக் கல்வி

தமிழைப் பொறுத்தவரை இணையவழிக் கல்வியின் தொடக்கம் இந்திய அளவிலும் முற்பட்டது. 2001 பிப்ரவரி 17இல் தமிழக அரசு தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. பின்னர் அது தமிழ் இணையக் கல்விக்கழகம் ஆயிற்று. அதன் அமைப்புத் தலைவராக இருந்த வா. செ. குழந்தைசாமி, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பணியாற்றியவர். அஞ்சல்வழிக் காலத்தின் பட்டறிவு இணையக் காலத்திற்கு அவர்வழி வந்தது எனக் கருதலாம். அயல்நாட்டுத் தமிழரை நோக்கி அமைக்கப்பட்ட இந்நிறுவனத்தின் பாடங்களும் மின்னூலகமும் மட்டாஞ்சேரித் தமிழர்க்கும் கட்டணமின்றி எட்டின.

இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களின் விரிவுரைகளைக் காணொலியாக வழங்கும் திட்டம் 2003இல் தொடங்கியது. 2017 சூலையில் மைய அரசின் 'ஸ்வயம்' வந்தது. பாடம் கற்கக் கட்டணமில்லை. சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் தேர்வுக் கட்டணம் செலுத்தினால் போதும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2020இல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பு, குடும்ப வருமானத்திற்கேற்பக் கட்டணச் சலுகை அளிக்கிறது. பாடத்தின் விலை ஏறத்தாழச் சுழியத்தைத் தொட்ட காலம் இது.

இவ்வளர்ச்சியின் மறுபக்கத்தையும் கேரளமே முதலில் கண்டது. விடுதியில் கைப்பேசிக்கு விதிக்கப்பட்ட தடையை ஏற்க மறுத்து வெளியேற்றப்பட்ட கோழிக்கோடு மாவட்டக் கல்லூரி மாணவி ஒருவரின் வழக்கில், எர்ணாகுளத்திலுள்ள கேரள உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பர் 19இல் இணையத்தை அணுகும் உரிமை கல்வியுரிமையோடும் தனிமையுரிமையோடும் இணைந்தது என்று தீர்ப்பளித்தது. ஓராண்டு நிறைவதற்குள் பெருந்தொற்றால் பள்ளி, கல்லூரிகள் மூடப்பட்டன. 2020 சூன் 1இல் 'விக்டர்ஸ்' தொலைக்காட்சி வழியாகப் பள்ளிப் பாடங்கள் தொடங்கியபோது, ஏறத்தாழ 2.6 லட்சம் மாணவர் வீட்டில் தொலைக்காட்சியோ இணையமோ இல்லையென அரசின் கணக்கெடுப்பே காட்டியது. ஊர் நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் தொலைக்காட்சி வைத்து அக்குறை ஓரளவு ஈடுசெய்யப்பட்டது. பள்ளிக் கல்வியில் வெளிப்பட்ட இவ்வுண்மை உயர்கல்விக்கும் பொருந்தும்: அஞ்சல்வழிக் காலத்தில் தாளும் தபால்தலையும் பல்கலைக்கழகச் செலவு; இணையக் காலத்தில் கருவியும் தொடர்பும் மாணவர் செலவு.

2018இல் எர்ணாகுளம் சந்திப்பு இரயில் நிலையச் சுமைதூக்கும் தொழிலாளி ஒருவர், அந்நிலையத்தின் இலவச இணையத் தொடர்பால் பாடங்களைக் கைப்பேசியில் இறக்கி, சுமையோடு நடக்கும்போதே செவியில் கேட்டு மாநிலப் பணியாளர் தேர்வின் எழுத்துத் தேர்வில் வென்ற செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. அவர் முயற்சி போற்றத்தக்கது. ஆனால் அச்செய்தியில் அனைவரும் வியந்தது அவர் உறுதியை. அதற்கு இடமளித்தது பொதுவிடத்தில் பொதுச்செலவில் கிடைத்த தொடர்பு என்பது போதிய அளவு கவனிக்கப்படவில்லை. 2023 சூன் 5இல் தொடங்கப்பெற்ற 'கே-போன்' திட்டம் 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பதைக் குறிக்கோளாக அறிவித்தது. முதற்கட்டத்திற்குத் தொகுதிக்கு 100 வீதம் 14,000 குடும்பங்களே வகுக்கப்பட்டன.

2020 அக்டோபர் 2இல் கொல்லத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஸ்ரீநாராயணகுரு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. பிற பல்கலைக்கழகங்களின் தொலைநிலைக் கல்வியையும் தனிப்பதிவையும் கட்டுப்படுத்தும் பிரிவு அதன் சட்டத்தில் இடம்பெற்றதால், எஞ்சியிருந்த இணைகல்லூரிகள் எதிர்த்தன, வழக்குகளும் எழுந்தன. எனினும், ஏற்கெனவே உள்ள கல்லூரிகளைக் கற்போர் உதவி மையங்களாக்கி விடுமுறை நாள்களில் வகுப்பு நடத்தும் அதன் ஏற்பாடு, இணைகல்லூரி செய்த பணியை அரசு தன் பொறுப்பில் ஏற்றதற்கு ஒப்பாகும்.

மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிகள் தொலைநிலைக் கல்விக்கு மாநில எல்லையைத் தக்கவைத்து, இணையவழிப் பட்டங்களுக்கு அவ்வெல்லையை நீக்கின. தகுதிபெற்ற தமிழகப் பல்கலைக்கழகம் இணையவழியில் நடத்தும் படிப்பில் மட்டாஞ்சேரித் தமிழர் மீண்டும் சேரலாம். 2013இல் அடைபட்ட வாயில் இவ்வாறு திறந்தது. காணொலி, மின்பாடம், கலந்துரையாடல், தன்மதிப்பீடு என்னும் நான்கு கூறுகளும் அப்படிப்பிற்கு விதிக்கப்பட்டுள்ளன. கற்போர் உதவி மையம் என்னும் ஏற்பாடு தொலைநிலைக் கல்விக்கு உண்டு; இணையவழிக் கல்விக்கு இல்லை.