ஊசி பொய் சொல்லாது!

1865, ஏப்ரல் 27. அதிகாலை சுமார் இரண்டு மணி. அமெரிக்காவின் மிஸிஸிப்பி நதியில் வெள்ளம் பெருக்கெடுத்து ஓடுகிறது. அதை எதிர்த்து, மெம்ஃபிஸ் நகரைத் தாண்டி மூச்சிரைக்கப் போய்க்கொண்டிருக்கிறது 'சுல்தானா' என்கிற நீராவிப் படகு. சட்டப்படி அதில் ஏறக்கூடியவர்கள் 376 பேர். அன்றைக்கு ஏறியிருந்தவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல்! பெரும்பாலோர் சிப்பாய்கள். உள்நாட்டுப் போர் முடிந்து, எதிரியின் சிறை முகாமிலிருந்து எலும்பும் தோலுமாக வீடு திரும்புகிறவர்கள்.

திடீரென்று பாய்லர் வெடித்தது. வெந்நீரிலும் தீயிலும் நதியிலுமாக ஆயிரத்துக்கும் அதிகமான உயிர்கள் போயின.

இதில் கொடுமை என்ன தெரியுமா? சில நாட்களுக்கு முன்புதான், விக்ஸ்பர்க் துறைமுகத்தில் அந்த பாய்லரில் ஒரு கசிவைக் கண்டுபிடித்திருந்தார்கள். மெக்கானிக், உப்பியிருந்த தகட்டை வெட்டியெடுத்துவிட்டு முறையாக வேலை செய்யவேண்டும் என்றார். அதற்குச் சில நாட்கள் ஆகும். கேப்டனுக்குப் பொறுமை இல்லை. தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கம் பணம் தருகிறது. தாமதித்தால் சிப்பாய்களை வேறு படகு ஏற்றிக்கொண்டு போய்விடும். ஆகவே, மேலாக ஒரு மெல்லிய ஒட்டு. ஒட்டுப் போட்டாச்சு, படகும் கிளம்பியாச்சு! வெடிப்புக்குப் பல காரணங்கள் சொல்லப்பட்டாலும், அந்த ஒட்டின் பெயர் இன்றுவரை பட்டியலில் இருக்கிறது.

சரி, மிஸிஸிப்பிக்கும் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற கரிசல்காட்டு ரோட்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. ஒரு பென்சிலைவிட ஒல்லியான செப்புக் குழாய்தான் அந்தச் சம்பந்தம்.

நீராவி யுகத்தின் பெரிய தலைவலியே, உள்ளே எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று தெரியாததுதான். பாதரசக் குழாய் வைத்துப் பார்த்தார்கள். அழுத்தம் ஏற ஏற, குழாயையும் பனைமர உயரத்துக்கு வைக்கவேண்டியிருந்தது. ஓடுகிற வண்டியில் அதை எங்கே நிறுத்துவது?

விடை தற்செயலாகக் கிடைத்தது. பாரிஸில் யூஜின் பூர்தோன் என்று ஒரு இன்ஜினீயர். அவருடைய பட்டறையில் சுருள் சுருளாக வளைத்த ஒரு குழாய், வேலையின்போது நசுங்கிவிட்டது. நசுங்கலை எடுக்க ஒரு வழி செய்தார். ஒரு முனையை அடைத்து, மறுமுனை வழியாகத் தண்ணீரை அழுத்தி ஏற்றினார். நசுங்கல் நிமிர்ந்தது. கூடவே சுருளும் மெள்ளப் பிரிந்தது! திருவிழாக் கடையில் பிள்ளைகள் வாங்கி ஊதுவார்களே, ஊதினால் சுருள் பிரிந்து நாக்கு மாதிரி நீளும் காகிதப் பீப்பீ... அதே சங்கதிதான்.

பூர்தோனுக்குப் பொறி தட்டியது. வளைந்த குழாயின் நுனியில் ஒரு ஊசியைக் கோத்தால், அழுத்தத்தைக் கண்ணால் பார்க்கலாமே! 1849-ல் பேட்டன்ட் வாங்கினார். 1851-ல் லண்டனில் நடந்த உலகப் பொருட்காட்சியில் அது பதக்கமும் வாங்கியது. பாய்லர், ரயில், ஆக்ஸிஜன் சிலிண்டர், சைக்கிள் கடை கம்ப்ரஸர் என்று எங்கெல்லாம் வட்டமான கண்ணாடிக்குள் ஊசி ஆடுகிறதோ, அங்கெல்லாம் பெரும்பாலும் இந்த நசுங்கின குழாய்தான் உட்கார்ந்திருக்கிறது.

மோட்டார் வண்டிக்கு இது எப்படி வந்தது? 1903-ல் சென்னை சிம்ப்ஸன் கம்பெனியில் சாமுவேல் ஜான் க்ரீன் ஒரு நீராவிக் காரையே செய்து ஓட்டினார். ஆனால், நீராவி சீக்கிரமே விடைபெற்று, பெட்ரோல் வந்துவிட்டது. பெட்ரோல் வண்டியில் பாய்லர் கிடையாது. அங்கே அழுத்தம் தேவைப்பட்டது எண்ணெய்க்கு.

ஹென்றி ஃபோர்டின் புகழ்பெற்ற 'மாடல் டி' காரில் ஆயில் பம்ப்பே இல்லை. சுழலும் பாகங்கள் எண்ணெயை வாரி இறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். வேகமும் சுமையும் கூடிய வண்டிகளுக்கு அது போதவில்லை. பம்ப் வைத்து, பேரிங்குகளுக்கு எண்ணெயை அழுத்தி அனுப்பினார்கள். அந்த எண்ணெய்ப் படலம் தலைமுடியைவிட மெல்லியது. அது இருக்கும்வரை இரும்பு இரும்பைத் தொடாது. அறுந்தால், சில நிமிஷத்தில் பேரிங் உருகி, இன்ஜின் 'டக்... டக்...' என்று தட்ட ஆரம்பித்துவிடும்.

அந்தப் படலம் பத்திரமாக இருக்கிறதா என்று டிரைவருக்குச் சொல்லத்தான் டாஷ்போர்டில் ஒரு ஊசி. இன்ஜினிலிருந்து அதுவரை எண்ணெயைக் கொண்டுவர ஒரு ஒல்லிக் குழாய்.

இப்போது கரிசல்காட்டுக்கு வருவோம். 1876 முதல் ரயில் பார்த்த ஊர் விருதுநகர். பக்கத்திலிருக்கும் அருப்புக்கோட்டைக்கும், ரமணர் பிறந்த திருச்சுழிக்கும் ரயில் எப்போது வந்தது தெரியுமா? 1960-களில்! அதுவரை நெசவாளியின் சேலையும், சம்சாரியின் பருத்தியும் மிளகாயும், பிரசவத்துக்குப் போகிற பெண்ணும் மாட்டுவண்டியை விட்டால் மோட்டாரைத்தான் நம்பவேண்டும். வழியில் வண்டி நின்றால் நிழலுக்கு ஒரு வேலமரம் கிடைத்தாலே அதிர்ஷ்டம். அரசு ஊழியரை மிரட்ட 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்' என்பார்களே, அந்தப் பழைய ராமநாதபுரம் ஜில்லாவின் ஒரு துண்டுதான் இது.

இரண்டாம் உலகப் போர் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. பெட்ரோலுக்கு ரேஷன். டி.வி.எஸ். நிறுவனம் கரியை எரித்து வாயு எடுக்கும் 'கேஸ் பிளான்ட்' செய்து கொடுக்க, பஸ்கள் கரியில் ஓடின. ஓடின, ஆனால் வாயுவோடு சாம்பல் தூசியும் உள்ளே போனால் இன்ஜின் தாங்குமா? எண்ணெய் சீக்கிரம் கெடும், பேரிங் சீக்கிரம் தேயும். அந்த மாதிரி வண்டிக்கு எண்ணெய் ஊசிதான் நாடி.

போர் முடிந்ததும் வில்லிஸ் ஜீப்புகள் வந்தன. பிறகு மஹிந்திரா ஜீப்புகள். மேடு பள்ளம், ஓடை, கண்மாய்க்கரை எதுவானாலும் ஏறி இறங்கின. அதன் டாஷ்போர்டிலும் பூர்தோனின் ஊசி உண்டு. குலுங்கக் குலுங்க, செப்புக் குழாய்க்குத்தான் ஆபத்து. செம்பு விசித்திரமான உலோகம். ஆட்ட ஆட்ட அது இறுகும். இறுகினால் முறுகும். முறுகினால் ஒருநாள் மயிரிழை விரிசல். நாற்பது பவுண்டு அழுத்தத்தில் அந்த விரிசல் வழியே எண்ணெய் பீய்ச்சும். சூடான புகைக்குழாய் மேல் பட்டால் புகை. கெட்ட நேரமானால் நெருப்பு. கவனிக்காமல் ஓட்டினால் எண்ணெய் தீர்ந்து இன்ஜினே காலி.

சரி, எப்படிச் சரிசெய்வது? முதல் வேலை ஸ்பானரை எடுப்பதல்ல. துணியை எடுப்பது. இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, குழாயை முனை முதல் முனை வரை துடைக்கவேண்டும். மறுபடி ஸ்டார்ட் செய்து டார்ச் அடித்துப் பார்த்தால், முதல் சொட்டு எங்கே பிறக்கிறது என்று தெரியும். பெரும்பாலும் மூன்று இடம். இன்ஜினோடு சேரும் நட்டு, இரும்புத் தகட்டின் துளை வழியே உரசிப்போகும் இடம், மீட்டரின் முதுகு.

நட்டில் கசிவென்றால் எல்லோரும் செய்வது, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்குவது. அங்கேதான் போச்சு! உள்ளே குழாயைக் கவ்விப் பிடித்திருக்கும் சின்னப் பித்தளை வளையம் நசுங்கிவிடும், குழாயும் முறுக்கிக்கொள்ளும். ஒரு ஸ்பானரால் அடிப்பாகத்தைப் பிடித்து, இன்னொன்றால் லேசாகத் திருப்பினால் போதும். நிற்கவில்லையா? வளையத்தை மாற்றவேண்டும். குழாய்க்கடை வெள்ளை டேப்பைச் சுற்றுவது ஆகாது. அதன் துணுக்கு உள்ளே போய் மீட்டரின் ஊசித்துளையை அடைத்தால், ஊசி செத்துவிடும்.

குழாய் இறுகியிருந்தால், கன்னார் பட்டறையில் காலம்காலமாகச் செய்வதையே செய்யலாம். கழற்றியெடுத்து, சிவக்கச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் செம்பு மறுபடி வெண்ணெயாக வளையும். விரிசலே விட்டிருந்தால் மாற்றிவிடுவதுதான் சரி. மாட்டும்போது நடுவில் ஒரு சுற்றுச் சுற்றி விடவேண்டும். குலுக்கலை அந்தச் சுருள் வாங்கிக்கொள்ளும். தகட்டின் துளையில் ஒரு ரப்பர் வளையம் கட்டாயம்.

பாதி வழியில், நடுக்காட்டில் ஒழுகினால்? குழாயைக் கழற்றி, இன்ஜின் பக்கத்துத் துளையைப் பொருத்தமான போல்ட்டால் அடைத்து, போன எண்ணெயை ஊற்றி, மெதுவாக ஊர் போய்ச் சேரலாம். ஆனால், அப்போது நீங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறீர்கள் என்பது ஞாபகமிருக்கட்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 'அண்ணே, ஊசி எந்திரிக்கவே மாட்டேங்குது' என்று டிரைவர் வந்து நிற்கிறார். குழாயில் கோளாறா, இன்ஜினுக்கே நோயா? நல்ல மெக்கானிக் ஊகிக்கமாட்டார். சரியாக இருக்கிறதென்று தெரிந்த வேறொரு மீட்டரை இன்ஜினிலேயே நேராக மாட்டிப் பார்ப்பார். அதிலும் ஊசி படுத்திருந்தால், குழாய் நிரபராதி. இன்ஜினைப் பிரிக்கவேண்டியதுதான்.

இந்த வம்பெல்லாம் எதற்கு என்றுதான் 1930-களில் அமெரிக்காவின் ஹட்சன் கம்பெனி ஊசிக்குப் பதில் ஒரு சிவப்பு விளக்கை வைத்தது. பிறகு எல்லோரும் அந்த வழிக்கே போனார்கள். செலவு குறைவு, கசிய நீளக் குழாய் இல்லை. அமெரிக்க மெக்கானிக்குகள் அதற்கு வைத்த பட்டப்பெயர், 'முட்டாள் விளக்கு'! ஏன் தெரியுமா? அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுமில்லாத நிலைக்கு விழுந்த பிறகுதான் அது எரியும். நாற்பது முப்பதாகி, முப்பது இருபதாகி, மாதக்கணக்கில் தேய்ந்துகொண்டே வருவதை அது சொல்லாது. ஊசி சொல்லும். ஊசி டாக்டர் என்றால், விளக்கு வெறும் மரண அறிவிப்பு.

விக்ஸ்பர்க் துறைமுகத்திலும் ஒரு அறிவிப்பு முன்கூட்டியே வந்தது. கசிவு என்பது அதுதானே? கேட்கத்தான் ஆளில்லை. பழைய ஜீப்போ காரோ வைத்திருப்பவர்கள், நாளைக் காலையில் சாவியைத் திருப்பியதும் முதல் பார்வையை அந்த ஊசி மேல் போடுங்கள். நேற்று நின்ற இடத்தைவிடக் கொஞ்சம் இறங்கி நிற்கிறதா? துணியை எடுங்கள்!